சந்திரனிற் பெயரும் தோட்டத்தில் அரைப்பேரும்

சந்திரனில் புயற்பெருங்கடல் எனப்படும் கரிய சமவெளியில், அரிஸ்டார்க்கஸ் மேட்டுநிலத்துக்கு வடமேற்கே, ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் விட்டமுடைய மோதற்குழி ஒன்று உண்டு. 1976 வரை அதற்குத் தனிப்பெயர் இல்லை. அயலிலுள்ள பெருங்குழியின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து 'ஹெரோடோட்டஸ் டி' என்றே வானியலாளர் அதனைப் படங்களிற் குறித்து வந்தனர். அவ்வாண்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் அக்குழிக்கு 'இராமன்' எனப் பெயரிட்டது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, கல்கத்தாவில் ஒளியின் சிதறலை ஆராய்ந்து, 1930இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்று, 1970 நவம்பரில் மறைந்த சர் சி. வி. இராமனே அப்பெயருக்குரியவர்.

தமிழ் விழா மேடைகளில் இச்செய்தி கரவொலி பெறுவது வியப்பன்று. தமிழன் பெயர் சந்திரனிலும் உண்டு என்ற ஒரு வாக்கியத்தோடு விஞ்ஞானத்தைப் பற்றிய பேச்சே முடிவடைந்துவிடுவதுதான் கவலைக்குரியது. கீழே ஆய்வுகூடம் உண்டா, ஆசிரியர் உண்டா என்ற வினாக்கள் அக்கரவொலியில் அமுங்கிப் போகின்றன. இப்பெருமித மரபு ஓரடி முன்னே வைக்குமாயின், இலங்கைத் தமிழனுக்கு ஏன் ஒரு குழி இல்லை என்ற கேள்வியையே அடுத்து எழுப்பும். அக்கேள்விக்குச் சப்பிரகமுவ மாகாணம் நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு விடையைக் கொடுத்துவிட்டது. கரவொலிக்கு உகந்த விடை அதுவன்று.

1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் முதற் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்திற் கலை வரலாற்றறிஞராக உலகம் போற்றிய அதே குமாரசுவாமிதான். சர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகக் கொழும்பிற் பிறந்து, தாயாரின் நாடாகிய இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றவர். இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைப் பக்கத்து ஓடைகளில், இரத்தினக்கல் தேடுவோர் 'இல்லம்' என வழங்கும் சரளைப் படையைக் கூடையிலிட்டு அரிக்கும்போது, நீலமும் புஷ்பராகமும் அல்லாத கனத்த கரிய மணிகள் சில அடியில் தங்குவதுண்டு. கனசதுர வடிவின, நீரிற் புரண்டு முனை மழுங்கியவை. கல் வியாபாரிக்கு அவற்றாற் பயனில்லை. 1904இல் குமாரசுவாமி அவற்றை யுரேனியக் கனிப்பொருளாகிய யுரானினைற் எனக் கருதினார். மாதிரிகள் இலண்டன் இம்பீரியல் நிறுவகத்துக்குச் சென்றன. அங்கு டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டைக் கொண்ட, அதுவரை எவரும் அறியாத கனிப்பொருள் அது என்பது தெளிவாயிற்று. 'தோரியனைற்' என்ற பெயர் அதற்கு இடப்பட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் ஒட்டோ ஹான். ஆங்கிலம் பழகிக்கொண்டு ஊர் திரும்பி, இரசாயனக் கம்பனி ஒன்றில் வேலைக்கமர்வதே அவருடைய எண்ணம். ராம்சே அவரது கையில், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலுள்ள றேடியத்தைப் பிரித்தெடுக்கும்படி பணித்தார். பிரித்துக்கொண்டு போன இளைஞருக்கு எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது. றேடியோதோரியம் எனப் பெயர்பெற்ற அக்கண்டுபிடிப்பு 1905இல் வெளியாயிற்று. கம்பனி வேலையை மறந்து கதிர்த்தொழிற்பாட்டு ஆய்விலேயே நிலைத்துவிடும்படி ராம்சே அறிவுரை கூறினார். அங்கிருந்து மொன்றியலில் றதர்போர்ட்டிடம், பின்னர் பேர்ளின், 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து கண்ட யுரேனியக் கருப்பிளவு, 1944ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு. இருபதாம் நூற்றாண்டின் தலைவிதியையே மாற்றிய ஒரு வாழ்க்கைப் பாதையின் முதற்படியிற் பலாங்கொடைச் சரளை கிடக்கிறது.

சந்திரனின் வடகிழக்கு விளிம்பில் 'ஹான்' என்றொரு குழி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் பிரெடெரிக் வொன் ஹானும் ஒட்டோ ஹானும் அப்பெயரைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பூமியிலிருந்து காணமுடியாத மறுபுறத்தில் 'ராம்சே' உண்டு. றதர்போர்ட்டுக்கும் ஒரு குழி உண்டு. குமாரசுவாமிக்கு இல்லை. ஓடையில் நின்று கூடை அரித்தவருக்கு ஒரு குழி இருக்கவேண்டுமெனச் சொன்னால் சிரிப்பார்கள். அச்சிரிப்பைத்தான் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

இங்கே திருட்டு எதுவும் நிகழவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். டன்ஸ்டனின் பகுப்பாய்வு சரியானது. ஹானின் கண்டுபிடிப்பு அவருடைய கைத்திறனுக்கும் பொறுமைக்கும் உரியது. வெள்ளையர் சூழ்ச்சியினாற் குமாரசுவாமியின் பெயர் மறைக்கப்பட்டது என்று கதை கட்டுவோர் வரலாற்றுக்கும் குமாரசுவாமிக்கும் ஒருங்கே தீங்கு செய்வர். நிகழ்ந்தது அதைவிட எளிமையானது. எளிமையானது என்பதாலேயே அதை எதிர்ப்பது கடினம். கல் இங்கிருந்தது, தராசும் இரசாயனப் பொருள்களும் நூலகமும் ஆய்வேடும் அங்கிருந்தன. கல்லை எடுப்பவன் ஓரிடத்திலும், அது என்னவென்று சொல்பவன் வேறோரிடத்திலும் இருந்தால், பெயர் சொல்பவனிடமே போய்ச் சேரும். சந்திரப்படம் எதனையும் திரித்துக் காட்டவில்லை. அறிவு எங்கே சமைக்கப்பட்டது என்பதை அது நேர்மையாகவே காட்டுகிறது. விறகு எங்கே வெட்டப்பட்டது என்பதைக் காட்டும் பொறுப்பு அதற்கு இல்லை.

கேகாலை மாவட்டத்தை நோக்குக. போகலைச் சுரங்கத்துக் காரீயம் உலகிற் கிடைக்கும் மிகத் தூய காரீயங்களுள் ஒன்று. இலங்கைக் காரீயம் மேற்கு நாடுகளிற் புடமிடும் மூசைகளாக மாறியது. உருக்கிய உலோகத்துக்கும் மூசைக்கும் அங்கே விலை ஏறியது. இங்கே எஞ்சியது ஆழ்குழி. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் அதே வழியிற் சென்றன. கொழுந்தைப் பறித்தவளின் ஊர்ப்பெயர் பெட்டியில் அச்சாவதில்லை. கலந்து பொதிசெய்த கம்பனியின் பெயரே அச்சாகிறது. மின்சாரம் எட்டாத காலத்துத் தோட்டத்துத் திருவிழா இரவுகளிற் பெட்ரோமக்ஸ் விளக்கின் மென்டில் வெள்ளொளி பரப்பியதே, அம்மென்டிலின் ஒளி தோரியம் ஒட்சைட்டின் ஒளி. தென் திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இற் கண்டறியப்பட்ட மொனசைற் மணலும் அந்த மென்டிலுக்காகவே அள்ளப்பட்டது. தமிழ்நிலத்து மணல் கடல் கடந்து போய், விளக்குத் திரியாகித் திரும்பி வந்து, விலைக்கு விற்கப்பட்டது.

பெருந்தோட்டத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. நகரத்துத் தமிழ் அறிஞர் அதை அகராதியிற் சேர்ப்பது நன்று. ஒரு நாளின் முழுவேலைக்காகச் செக்ரோலிற் பதியப்படும் கூலிக் கணக்கே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கும், மழையால் வேலை பாதியில் நின்றவருக்கும் அரைப்பேர். பிரட்டுக்களத்தில் நிற்கும் மனிதனுக்குத் தாய்தந்தையர் இட்ட பெயர் எதுவாயினும், கணக்கில் அவன் ஒரு பேர், அல்லது அரைப்பேர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் செக்ரோலிற் பெயர் இருந்தது. வாக்காளர் இடாப்பில் இல்லாமற் போயிற்று. 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கிட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் பங்கீட்டுக்கு 1974 வரை பத்தாண்டுகள் சென்றன. எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெறுவதற்கான சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. இத்தனை காலமும் லயன் வீட்டுக்குச் சொந்த முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. காற்றும் நீருமற்ற, மனிதர் எவரும் வாழாத குழிக்கு அகலாங்கும் நெட்டாங்கும் பெயரும் உண்டு. பத்துப் பேர் வாழும் அறைக்கு ஓர் இலக்கம் மட்டுமே உண்டு. 'ஹெரோடோட்டஸ் டி' போல.

இராமனின் குழியிலேயே ஓர் அரைப்பேர் மறைந்து கிடக்கிறது. 1928 மார்ச் 31ஆம் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான, புதுவகைத் துணைக்கதிர்ப்பை அறிவித்த குறிப்பில் ஒப்பமிட்டோர் இருவர்: சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் 1898இற் பிறந்த கிருஷ்ணனும் தமிழரே. இருண்ட அறையில் திரவம் திரவமாக வைத்துச் சிதறிய ஒளியைக் கண்ணாற் கண்டறிந்த நாட்களில் உடனிருந்து உழைத்தவர் அவர். விளைவுக்கு இராமன் விளைவு என்று பெயர், பரிசு இராமனுக்கு, குழியும் இராமனுக்கு. ஆய்வின் தலைமையும் நீண்டகாலத் தேட்டமும் இராமனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழன் பெயர் சந்திரனில் உண்டெனக் கரவொலி செய்யும் சபையில் கிருஷ்ணனை அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் மௌனமே கிடைக்கும். கூட்டுழைப்பை ஒற்றைக் குடும்பப் பெயராகச் சுருக்கிவிடும் முறையை ஐரோப்பியர் தொடக்கி வைத்தனர். தமிழர் சபைகள் அதைக் கேள்வியின்றிப் பின்பற்றுகின்றன.

தொடக்கி வைத்த கதையும் சுவையானதே. 1645இல் லங்ரேனஸ் தம்முடைய சந்திரப்படத்தில் ஸ்பானிய மன்னர் பிலிப்பின் பெயரைப் பெருங்கடலுக்குச் சூட்டினார். தமக்கும் ஒரு குழியை ஒதுக்கிக்கொண்டார். 1651இல் யேசுசபைத் துறவி ரிச்சியோலி மன்னரை அகற்றி அக்கடலைப் புயற்பெருங்கடல் ஆக்கினார். குழிகளை அறிஞருக்குப் பகிர்ந்தளித்தார். தம் மாணவர் கிரிமால்டிக்கும் தமக்கும் பெரிய குழிகளையே எடுத்துக்கொண்டார். படம் வரைபவன் கையிற் பெயர் இருக்கும். 1959இல் சோவியத் விண்கலமான லூனா 3 மறுபுறத்தைப் படமெடுத்த பின்னர் புதுக்குழிகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. 1970இல் அவற்றுக்குப் பெயரிட்டபோதுதான் ஜகதீஸ் சந்திர போஸ், மேக்நாத் சாஹா, சிசிர் குமார் மித்ரா, ஹோமி பாபா ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றன. மிகச் சிறிய குழிகளுக்கோ, எந்தத் தனிமனிதரையும் சுட்டாத சாதாரணப் பெயர்கள் உலக மொழிகளிலிருந்து எடுத்து வைக்கப்பட்டன. அவற்றுள் 'ரவி'யும் ஒன்று. இந்த ரவி யாரென்று கேட்டால் விடையில்லை. கேகாலைத் தோட்டப் பாடசாலை எதிலும் அப்பெயர் கொண்ட மாணவன் ஒருவன் இருப்பான்; குழி தன்னுடையதே என்று அவன் உரிமை கோரினால் மறுப்பதற்கு ஒன்றியத்திடம் ஆதாரம் இல்லை.

தோட்டங்களிலும் பெயரிடுதல் இவ்வாறே நடந்தது. துரைமார் தம் ஊரின் நினைவாகவும் மனைவியர் நினைவாகவும் வைத்த பெயர் பதிவேட்டில் நின்றது. தொழிலாளர் தம்முள் வழங்கிய தமிழ்ப்பெயர் வாயளவில் நின்றது. ஒரே மலைக்கு இரு பெயர்கள். இவ்விரண்டாவது பெயர்களைத் தொகுத்து ஆராய்வது ஒரு தமிழ்த் துறைக்கு நல்ல ஆய்வுப் பொருளாகும்.

பெயர்கள் இளைஞருக்கு ஊக்கமளிக்குமே என்று மறுப்பவர் உண்டு. இம்மறுப்பு முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஊக்கம் எங்ஙனம் பலன் தந்தது என்பதை ஒரு சான்றால் நோக்கலாம். 2023 ஆகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான் 3 சந்திரனின் தென்பாகத்திற் தரையிறங்கியபோது, அதன் திட்டப் பணிப்பாளராக இருந்தவர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இரயில்வே ஊழியரின் மகன். ஊரிலுள்ள இரயில்வே பாடசாலையிற் கற்று, பொலிடெக்னிக்கில் டிப்ளோமா பெற்று, பின்னர் பொறியியலுக்குச் சென்றவர். அவரை அங்கே கொண்டு சேர்த்தது இராமன் குழியின் புகழ் என்று எவரும் சொல்லார். வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு பாடசாலையும், எட்டும் கட்டணத்தில் ஒரு பொலிடெக்னிக்கும் இருந்தன. கேகாலையின் தமிழ் மாணவனுக்கு இவ்விரண்டில் எது அருகிலிருக்கிறது?

மலையகப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு அரிது என்பது மலையகத்தில் எவரும் அறிந்த செய்தி. சப்பிரகமுவவின் நிலை அதனிலும் இக்கட்டானது. நுவரெலியாவிற்போல் இங்கே தமிழர் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்கின்றனர். சிதறியோருக்கு வாக்குப்பலம் குறைவு. வாக்குப்பலம் குறைந்த இடத்துக்கு ஆய்வுகூடம் கடைசியாகவே வரும். மொழியின் குறை என்று இதற்குச் சாக்குச் சொல்ல இயலாது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இரசாயனவியலையும் பௌதிகவியலையும் உயர்தரம் வரை தமிழிற் கற்க இந்நாட்டில் வழியுண்டு. 'கதிர்த்தொழிற்பாடு' என்ற சொல் இருக்கிறது. கரும்பலகையில் அதை எழுதுவதற்கு ஆசிரியர்தான் இல்லை.

இதனால் விளையும் இழப்பு வெறும் பெருமைக்குரிய இழப்பன்று. 2016 மே மாதத்து அடைமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்டமொன்றின் லயன் வீடுகளும் மண்ணுக்குட் போயின. மலைச்சரிவு எப்பொழுது நழுவும் என்பது புவிச்சரிதவியலின் வினா. குமாரசுவாமி கற்ற அதே துறையின் வினா. நெடுங்கால வெப்பத்தாலும் மழையாலும் உக்கிய பாறைமீது தடித்த மண்படை கிடக்கிறது. நீர் உட்புகுந்து இடைவெளிகளை நிரப்பும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. அடிவாரத்தை வெட்டி வீடமைத்திருந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து வலயப் படங்களை வரைகிறது. மழையளவு நோக்கி எச்சரிக்கை விடுக்கிறது. நற்பணியே. ஆனால் அப்படத்தை வாசிக்கத் தெரிந்தவர் மலையின் அடியில் வாழ்பவரல்லர். அடியில் வாழ்பவருக்குத் தெரிந்தது அப்படத்தில் ஏறவில்லை.

அவருக்கும் பல தெரியும். மலைச்சரிவிற் கான் வெட்டி நீரைத் திருப்பிவிடுவது தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளர் செய்துவந்த வேலை. எந்தக் கான் எந்த மாதத்தில் நிரம்பும், எங்கே ஊற்று திடீரெனக் கலங்கும், எந்த மரம் சாயத் தொடங்கியிருக்கிறது, எந்த லயத்துச் சுவர் எந்த ஆண்டு வெடித்தது என்பவற்றை அவர்கள் சொல்வர். பராமரிப்பற்றுத் தூர்ந்த கான்களையும் காட்டுவர். இவ்வறிவுக்கு எந்தச் சஞ்சிகையிலும் ஒப்பமில்லை. ஓடையில் நின்று கரிய மணியை வேறாக ஒதுக்கத் தெரிந்தவனின் அறிவும் இவ்வகையினதே. அது என்ன மூலகம் என்று சொல்லத்தான் அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. நூறாண்டுகளின் பின்பும் எடுப்பவனும் சொல்பவனும் வெவ்வேறு மனிதராகவே இருக்கின்றனர். சொல்பவன் கடலுக்கப்பால் இல்லை, கொழும்பில் இருக்கிறான் என்பது மட்டுமே மாற்றம்.

ஆகவே குமாரசுவாமிக்கு ஒரு குழி வேண்டுமென மனு எழுதப் புகும் சங்கங்கள் அந்த மையை வேறொன்றுக்குச் செலவிடலாம். பேராதனையிற் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. தோரியனைற் கிடைத்த பலாங்கொடைக்கு அண்மையிலேயே, பெலிஹுல்ஓயாவில், சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நில அளவைக்கென அங்கே ஒரு பீடமே உண்டு. இவ்விரு இடங்களிலும் தமிழ் மாணவர் பயில்கின்றனர். ஆண்டுக்கொரு விடுமுறையில், கேகாலையின் ஒரு தோட்டத்தையேனும் எடுத்து, கான்களையும் ஊற்றுகளையும் வெடிப்புகளையும் அங்குள்ளோர் வாய்மொழியிற் கேட்டு, அவர்கள் வழங்கும் தமிழ்ப்பெயர்களோடு படத்திற் குறித்து, வலயப் படத்தோடு ஒப்பிட்டு, அதன் ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலையின் சுவரில் மாட்டுவதற்கு அரசாங்கத்தின் அனுமதியோ அன்னிய நாட்டு உதவியோ தேவையில்லை. தேவைப்படுவன ஓர் அளவு நாடா, ஒரு சாய்வுமானி, அடைமழைக்கு முந்திய இரண்டு வாரங்கள். படத்தின் அடியிற் கேட்டவர் பெயரையும் சொன்னவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும்; சொன்னவருக்கு அன்றைய நாளுக்கான முழுப்பேரும் கொடுக்க வேண்டும்.